கை ஒதுங்கிய பக்கம்

முந்நூறுக்குள் இருந்தால் கையால் பிடுங்கலாம். அதற்கு மேல் ஒரு செடி கூடினாலும் திங்கட்கிழமை மருந்துக்காரர் வருவார். லாண்டரி முதலாளி அவ்வளவுதான் சொன்னார்; அவர் சொன்னால் சொன்னதுதான்.

துணி உலர்த்தும் கொடிகளை ஒட்டி ஒரு காலிமனை. அங்கே முழங்கால் உயரப் புல்லுக்குள் ஒட்டுமுள் செடி மண்டிக்கிடந்தது. வெளுத்த விரிப்பின் நுனி பட்டால் போதும், விதைகள் அப்பிக்கொள்ளும். போன வருடம் அங்கே களைக்கொல்லி மருந்தடித்தபோது, கொடியடியில் வேலை பார்க்கும் அண்ணிக்கு இரண்டு வாரம் மூச்சு இழுத்தது. இப்போது அண்ணிக்கு ஆறாம் மாதம். லீவு கேட்டால் ஒரேயடியாக நின்றுகொள்ளச் சொல்லிவிடுவார்கள்.

அதனால்தான் துணிகளில் எண் போட்ட டோக்கன் கட்டும் அவள் நாத்தனார், "எத்தனை செடின்னு நான் எண்ணிச் சொல்றேன்" என்று முந்திக்கொண்டாள். லாண்டரியில் அவளுக்கு 'டவுட்டு' என்று பெயர். பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? ஆனால் மாலை வகுப்பில் இந்த மாதம் இதுதான் பாடம்: எல்லாவற்றையும் எண்ண முடியாத இடத்தில், கொஞ்சம் எண்ணி மொத்தத்தைச் சொல்வது.

ஹேங்கர் கம்பிகளை நிமிர்த்தி, பக்கத்துக்கு அரை மீட்டராக ஒரு சட்டம் கட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் இருந்த செடிகளை எண்ணினாள். இருபது முறை வீசியதில் ஆறு செடி. மனை இருநூறு சதுர மீட்டர், எண்ணியது ஐந்து. ஆறை நாற்பதால் பெருக்கினால் இருநூற்று நாற்பது.

"அப்புறம் என்னடி, பொழைச்சோம்!" என்றாள் அண்ணி. "போய்ச் சொல்லிட்டு வா."

டவுட்டு நகரவில்லை. குனிந்து தன் பாவாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணி, இருபது தடவை உள்ள போய் எடுத்திருக்கேன். பாவாடையில ஒரு முள்ளு கூட இல்ல."

"அதுக்கு சந்தோஷப்பட வேண்டியதுதானே?"

"கண்ணைத்தான் மூடினேன். எந்தப் பக்கம் போனா குத்தும்னு கைக்குத் தெரியுமே. முள்ளு அடர்ந்த சுவர்ப் பக்கமே வீசல."

"ஐயோ, உன்னைக் கட்டிக்கப் போறவன் பாவம்!" அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "கிடைச்ச நல்ல கணக்கை எவளாவது கலைப்பாளா?"

கலைக்கத்தான் வேண்டியிருந்தது. இருநூற்று நாற்பதைப் பிடுங்கிவிட்டு நிமிர்ந்தால் சுவரோரம் அப்படியே நிற்கும். அப்புறம் இவள் வாயிலிருந்து வரும் எந்த எண்ணையும் யாரும் நம்ப மாட்டார்கள். மருந்து எப்படியும் வரும்.

மறுநாள் காலையில், கையை நம்பாமல் டோக்கன்களை நம்பினாள். துணிக்கொடிக் கயிற்றில் மீட்டருக்கொரு கிளிப் மாட்டி, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று இழுத்துக் கட்டினாள். நீள எண்களின் டோக்கன்களை ஒரு டப்பாவிலும் அகல எண்களுடையதை இன்னொன்றிலும் போட்டுக் குலுக்கி, இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்து, அந்த இரண்டு எண்ணும் சந்திக்கிற இடத்தில் சட்டத்தை வைத்தாள். முள்ளோ, சேறோ, வந்த எண் வந்ததுதான். இருபது முறை வைத்து முடித்தபோது பாவாடை முள்ளம்பன்றியாகியிருந்தது. செடி இருபத்து நான்கு.

தொள்ளாயிரத்து அறுபது.

 ஒவ்வொரு சட்டமும் எங்கே இருந்தது என்று தாளில் புள்ளி வைத்தாள்; இருபத்து நான்கு செடியில் இருபத்திரண்டு சுவரோரம். வைத்து முடித்ததும் கையுறை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனாள். கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஒரு மணி நேரம் பிடுங்கினாள்.

"தொள்ளாயிரமா?" முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேத்து எரநூத்திச் சொச்சம்னு உங்க அண்ணி சொல்லிட்டுத் திரிஞ்சாங்களே. அதையே சொல்லியிருக்கலாம்ல?"

"நான் சொல்லலைன்னாலும் மிச்சமெல்லாம் விரிப்புல ஒட்டிக்கிட்டு வந்து சொல்லியிருக்கும், முதலாளி."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்ப மருந்துதான்."

"இல்ல." தாளில் சுவரோரத்தைத் தொட்டுக் காட்டினாள். "அதுல எண்ணூத்து எண்பது சுவரோரம், மூணு மீட்டர் பட்டைக்குள்ளயே நிக்குது. மனை பூரா தேட வேண்டாம். ஒரு மணி நேரத்துல தொண்ணூறு பிடுங்கிப் பாத்துட்டேன். மூணு பேர் இறங்கினா நாலு மணி நேரம்."

"எந்த மூணு பேரு?"

"நான் ஒருத்தி."

இஸ்திரி மேசையிலிருந்து குரல் வந்தது. "என்னையும் சேத்துக்க டவுட்டு. இந்த முள்ளை எடுத்து எடுத்தே என் நகம் தேஞ்சு போச்சு." மூன்றாவதாக அண்ணி கையைத் தூக்க, இஸ்திரிக்காரர் அதட்டினார். "நீங்க உக்காருங்கம்மா. என் தம்பி வீட்டுல சும்மாதான் கெடக்கான்."

முதலாளி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "சரி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதே மாதிரி சட்டத்தை இருபது எடத்துல வச்சுக் காட்டு. ஒண்ணும் இல்லைன்னா மருந்துக்காரரை வர வேண்டாம்னு சொல்லிடறேன்."

அண்ணி கண்ணாலேயே கெஞ்சினாள்: ஏய், வாயைத் திறக்காதே.

"இருபது பத்தாது, முதலாளி" என்றாள் டவுட்டு. "இருபதுல ஒண்ணும் கிடைக்கலைன்னா, சட்டம் விழாத எடத்துலயும் இல்லைன்னு அர்த்தமில்ல. சுவரோரம் மட்டும் நாப்பது வைக்கிறேன்."

பதிலுக்குக் காத்திராமல் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு மனைக்குள் இறங்கினாள்.