அட்டையில் பதினான்கு

"வெண்ணெய் கல்லு மாதிரிக் கிடக்கு, குணம். ரொட்டி கிழியுது. கத்தி வேண்டாம், ஒரு உளி தா" என்றார் கார்த்திகேசு.

அவர் மனைவி குணபூசணிக்குச் சிரிப்பு வந்தது. ஓராண்டாக வெண்ணெய் ஐஸ்பெட்டியின் மேல்தட்டில், உறைபனி அறைக்கு அடியில்தான் கிடந்தது. கதவில் வெண்ணெய்க்கென்று இருந்த சிறு அறையை அவருடைய ஊசிமருந்துக் குப்பிகள் பிடித்துக்கொண்டிருந்தன.

அவர் ரொட்டியுடன் ஜன்னல் பக்கம் திரும்பினார். பிரிக்பீல்ட்ஸின் காலை வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணின் வெள்ளை மஞ்சளாக இருந்தது.

ரயில்வேயில் முப்பது ஆண்டு கிராணியாக எழுத்து வேலை பார்த்தவர். மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலைத் தின்றுவிட, பிரிஸ்பேன் ஆஸ்பத்திரியில், அங்கே இறந்துபோன ஒருவரின் ஈரலை வைத்து அனுப்பினார்கள். பழைய ஈரல் போனாலும் கிருமி உடம்பில் எங்கோ ஒளிந்திருக்கும், மாதம் ஒரு ஊசி தவறினாலும் புது ஈரலைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஊசி நாள் பதினான்காம் தேதி. வீட்டுக்கு வந்து போடுபவள் நர்ஸ் தங்கமணி. டாக்டர் பார்க்கும் ஊசி அட்டையில் தேதி எழுதுவது குணபூசணி.

போன நவம்பர் பதினான்கு கந்தசஷ்டியின் முதல் நாளாக அமைந்தது. அந்த மருந்து மனித இரத்தத்திலிருந்து எடுப்பது. விரதத்தில் அதை உடம்பில் ஏற்ற மாட்டேன் என்றார் அவர்.

"அங்கிள், வயித்துக்குள்ள இருக்கிறது வெள்ளக்காரன் ஈரலு. அவன் மாட்டுக்கறி தின்னவன்லா. ஊசிக்கு மட்டும் விரதமா?" என்றாள் தங்கமணி.

"அவனும் இப்ப சைவம்தான், பிள்ளை."

மூவரும் சிரித்தார்கள். திருக்கல்யாணம் முடிந்து இருபத்தொன்றாம் தேதிதான் ஊசி ஏறியது. டாக்டர் கோபிப்பாரே என்று பயந்து குணபூசணி அட்டையில் பதினான்கு என்றே எழுதினாள்.

இப்போது பிப்ரவரி. கண் மஞ்சளானதைக் கண்டு சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு மூன்று நாள் காத்திருந்தார்கள். டெலிபோன் அடிக்கும்போதெல்லாம் அவள்தான் ஓடிப்போய் எடுத்தாள். அட்டையை எடுத்து அந்தப் பதினான்கைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

நான்காம் நாள் டாக்டர் ஜெயராஜ் முடிவைப் படித்தார். கிருமி திரும்பியிருந்தது. பிறகு அட்டையைப் புரட்டினார்.

"கார்டு ரொம்ப ஒழுங்கா இருக்கு. ஒரு டோஸ்கூடத் தவறல. அப்படியும் வந்திருக்குன்னா கிருமி இந்த மருந்துக்குப் பழகிப்போச்சு. இனி ஊசி போட்டுப் பிரயோஜனம் இல்ல. நிப்பாட்டிடலாம்."

கார்த்திகேசு தலையசைத்தார். மேசைக்கடியில் அவர் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பேசாதே என்பது போல அழுத்தியது. அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"டாக்டர், நவம்பர் ஊசி இருபத்தொண்டாம் தேதிதான் போட்டது. நான்தான் பதினாலு எண்டு எழுதினனான்."

"தள்ளிப் போட்டது நான், டாக்டர். அவவைப் பேசாதேங்கோ" என்றார் கார்த்திகேசு.

டாக்டர் யாரையும் திட்டவில்லை. பேனாவை எடுத்துப் பதினான்கை வெட்டி இருபத்தொன்று என்று எழுதினார்.

"அப்ப நிப்பாட்ட வேணாம். ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு போட்டுப் பார்ப்போம்."

"அந்த ஏழு நாளாலதானா?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா. தேதி தவறாமப் போட்டவங்களுக்கும் வந்திருக்கு."

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நீ சொன்னது சரி, குணம்" என்றார். "எனக்குத்தான் வெக்கமாப் போச்சுது."

ஊசிகள் தொடர்ந்தன. ஈரல் கேட்கவில்லை. மே மாதம் கிள்ளானில் அவருடைய தம்பி சிவகுருநாதன் வீட்டில், பகல் இரண்டு மணிக்கு, அவள் கை மேல் கை வைத்தபடி அடங்கினார்.

மிஞ்சிய இரண்டு குப்பிகளைத் தங்கமணி வந்து வாங்கிப்போனாள். கதவிலிருந்த சிறு அறை காலியாகத்தான் இருக்கிறது. வெண்ணெய் இன்னும் மேல்தட்டில், கல்லு மாதிரி.