வாசலில் வைத்த பசி

எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடைகளுக்குள் நாயை அழைத்துப் போகலாம். நாயின் பசியை மட்டும் வாசலில் கொடுத்துவிட வேண்டும்.

இந்த ஏற்பாடு வந்ததற்குக் காரணம் பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் நமச்சிவாயம் அண்ணாச்சி. நாயின் முடி, எச்சில், உண்ணி என்று மற்றவர்கள் சொன்ன எதையும் அவர் பொருட்படுத்தவில்லை. தான் சாப்பிடும்போது பக்கத்து மேஜைக்கு அடியிலிருந்து ஒரு நாய் தன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பாடு செரிக்க மாட்டேன் என்கிறது என்பதுதான் அவருடைய புகார். பசியோடு ஒரு ஜீவன் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டால் வயிறு வலிக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வியாபாரிகள் சங்கத்தில் கூடிப் பேசினார்கள். நாய் வளர்ப்பவர்கள் ஒரு பக்கம், வயிற்றுவலிக்காரர்கள் ஒரு பக்கம். ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது வடிவு மெஸ் நடத்தும் செண்பகவடிவு எழுந்தாள்.

"நாய் மேல யாருக்கும் கோவம் கெடையாதுல்லா? அது பசி மேலதான கோவம்? பசிய நான் வாசல்ல வாங்கி வச்சிக்கிடுதேன். நாய் அது பாட்டுக்கு உள்ள வரட்டும்" என்றாள்.

நியாயமாகத்தான் இருந்தது. டீ குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

பசியை எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நாயின் விலாவுக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மெதுவாக வழித்தால் வந்துவிடும். நனைந்த துண்டின் கனம் இருக்கும். வடிவு அதைத் தூக்குவாளியில் போட்டு மூடி அலமாரியில் வைப்பாள். பெரிய நாய்களின் பசி மூடியைத் தள்ளும் என்பதால் அதன்மேல் குழவிக்கல்லை ஏற்றி வைப்பாள். பசியைக் கொடுத்துவிட்டு வந்த நாய் மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கும். அண்ணாச்சியின் வயிறும் சரியாகிவிட்டது.

கிளம்பும்போது பசியை வாங்கி நாயிடம் கொடுத்துவிட வேண்டும். டோக்கன் எதுவும் கிடையாது. ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் முறை வைத்துக் கூப்பிடுகிற ஊரில் டோக்கன் நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் கோயில் வாசலில் செருப்பு மாறுவதுபோல எப்போதாவது மாறிப்போவது உண்டு. என் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

நான் மின்வாரிய ஆபீசில் வேலை பார்க்கிறேன். பெயர் ஆவுடைத்தங்கம். வீட்டில் நானும் என் நாய் பரணியும்தான். பரணி நட்சத்திரத்தன்று வந்து சேர்ந்தவன் என்பதால் அந்தப் பெயர். அவனுக்குப் பிடிவாதம் அதிகம், எனக்குப் பொறுமை குறைவு. ஆகவே எங்களுக்குப் பொழுது நன்றாகவே போகும்.

அந்தச் சனிக்கிழமை மெஸ்ஸில் நல்ல கூட்டம். வெளியே வரும்போது வடிவு நீட்டிய தூக்குவாளியை வாங்கிப் பரணியின் வயிற்றடியில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் சோற்றில் கருவாட்டுத் துண்டு போட்டு வைத்தேன். பரணி தட்டுக்கு முன்னால் வந்து நேராக உட்கார்ந்தான். தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். சாப்பிடவில்லை.

பசித்தால் தானாகத் தின்னட்டும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். காலையில் பார்த்தால் சோற்றில் எறும்பு.

முட்டை வைத்தேன். ஈரல் வாங்கி வைத்தேன். ஒவ்வொரு முறையும் அவன் வந்து உட்காருவான், எதற்கோ காத்திருப்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வான், கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்விடுவான். விலா எலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. மாடி ஏறும்போது நடுவில் நின்று மூச்சு வாங்கினான். எனக்குப் பயம் வந்துவிட்டது. இவனும் போய்விட்டால் வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவேன் என்று நினைத்ததும் அழுகை முட்டியது. ஆபீசில் அழுதால் காரணம் கேட்பார்கள் என்பதால் பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கால்நடை டாக்டர் பரணியின் வயிற்றில் காதை வைத்துக் கேட்டார்.

"பசி இருக்கும்மா. நல்லாவே இருக்கு. ஆனா இது இவனோடது இல்ல" என்றார்.

அங்கிருந்து நேராக வடிவு மெஸ்ஸுக்குப் போனேன். வடிவு அடுப்பைத் தணித்துவிட்டு யோசித்தாள்.

"எக்கா, அன்னைக்கு நாயில்லாம ஒரு மனுசன் வரிசையில நின்னாரு. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் புதுசா மாத்தலாகி வந்திருக்காருல்லா, கோதண்டம்னு, அவருதான். நான் உள்ள எல போடச் சொல்லிக்கிட்டே இந்தப் பக்கம் கைய நீட்டுனேன். அவரும் பேசாமக் குடுத்துட்டாரு."

"அவரு எதுக்குக் குடுக்காரு?"

"முன்னால நிக்கவன் எல்லாம் குடுக்கான். ஊரு வழக்கம்னு நெனச்சிருப்பாரு. போவும்போது எந்த வாளியத் தூக்கிக் குடுத்தேன்னு எனக்கே ஞாவகம் இல்ல."

கோதண்டத்தைப் பேருந்து நிலையத்து டீக்கடையில் பிடித்தேன். கழுத்துப் பட்டன்வரை போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. கண்ணை மூடிக்கொண்டு வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போனதும் தட்டை லேசாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தொண்டைக்குள் உறுமினார். உடனே வெட்கப்பட்டு எழுந்து நின்றார்.

விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தப்புதான் மேடம். ராத்திரியே தெரிஞ்சுபோச்சு, இது என்னோடது இல்லன்னு. நான் வேலூர்ப் பக்கம். எங்க வீட்ல என் பசிய ரொம்ப மரியாதையா வளத்துட்டாங்க. அதுவா போய் எதையும் எடுத்துச் சாப்பிடாது. யாராவது சாப்பிடுங்கன்னு சொல்லணும். முதல்ல வேணாம்னு சொல்லும். திரும்பவும் சொல்லணும். அப்பவும் வேணாம்னுதான் சொல்லும். அதுக்கப்புறமும் ஒருத்தர் விடாம வச்சாதான் சாப்பிடும். இங்க ரூம்ல எனக்கு யாரு சொல்லப்போறாங்க? மாத்தலாகி வந்ததுல இருந்து பாதி நாள் பட்டினி மேடம்."

"இப்ப?"

"இப்ப யாரும் சொல்ல வேண்டாம். இட்லியப் பாத்தாலே மனசு குதிக்குது. சாப்பிட்டு முடிச்சதும் தெருவுல ஒரு ஓட்டம் ஓடணும்போல இருக்கு." தட்டில் மீதி இருந்த பஜ்ஜியைப் பார்த்தார். "இன்னும் கொஞ்ச நாள் வச்சுக்கலாமா மேடம்?"

திட்டத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்தபிறகு வாய் வரவில்லை. என் நாயின் சந்தோஷத்தை ஒரு மனிதர் சட்டைப் பட்டனுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிறார், அதைப் பிடுங்கவும் மனமில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. முதலில் பரணி சாப்பிடட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

தட்டில் சோறு வைத்தேன். பரணி வந்து நேராக உட்கார்ந்தான்.

"சாப்பிடு பரணி" என்றேன்.

காலண்டரைப் பார்த்தான்.

"அட, சாப்பிடுங்கேன்லா."

முன்னங்காலைத் தூக்கித் தட்டுக்கு மேலே குறுக்காகப் பிடித்தான். பந்தியில் உட்கார்ந்தவர்கள் போதும் என்று இலைக்குமேல் கையைக் குறுக்கே வைப்பதுபோல.

"அதெல்லாம் சொல்லக் கூடாது. ஒரு வாயாவது சாப்பிட்டுத்தான் ஆகணும். எனக்காவ சாப்பிடு" என்று காலை விலக்கிவிட்டு ஒரு கரண்டி ரசம் விட்டேன். வேறு வழியில்லாதவன்போல ஒரு பெருமூச்சு விட்டான். குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். சோற்றையும் கருவாட்டையும் ஒன்றுவிடாமல் முடித்தான். நான் தரையில் உட்கார்ந்து அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்து வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த தடவை மெஸ்ஸுக்குப் போனபோது வடிவு பரணியின் வயிற்றடியில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"நாய்ப் பசிக்குத்தான் தடை. இது மனுசப் பசில்லா. இத நான் எப்படி வாங்க முடியும்? உள்ள கூட்டிட்டுப் போ."

எங்களுக்குப் பின்னால் கோதண்டம் நின்றார். அவரிடமிருந்து பசியை வாங்கித் தூக்குவாளியில் போட்டு மூடினாள். சட்டம் என்றால் அவருக்கு மரியாதை உண்டு.

அன்று பரணி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். அவனுக்கும் இலை போட்டார்கள். கோதண்டம் எதிரில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோறு வந்தது. பரணி இலைக்குமேல் காலை வைத்தான். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த மேஜையிலிருந்து நமச்சிவாயம் அண்ணாச்சியின் குரல் வந்தது.

"கூச்சப்படாதடே. இது நம்ம கடைதான், நல்லா சாப்பிடு" என்றார். பிறகு பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, "ஏ, அந்த எலைக்கு இன்னும் கொஞ்சம் சாம்பார் ஊத்து. போதும்னுதான் சொல்லும், நீ ஊத்து" என்றார்.

பரணி யாருடைய இலையையும் பார்க்கவில்லை. தன் இலையையே பார்க்கக் கூச்சப்படுகிறவன் அடுத்தவர் இலையை எங்கே பார்க்கப் போகிறான்? மெஸ்ஸில் இருந்தவர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. ஆளாளுக்கு அவனுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்பளம் எடுத்துக்கச் சொல்லு, பாயசம் விடச் சொல்லு, மோருக்கு முன்னால ஒரு பிடி சோறு வையி என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. பரணி ஒவ்வொருவரையும் திரும்பிப் பார்த்து, காலை வைத்து மறுத்து, பிறகு சாப்பிட்டான். தினமும் இப்படியே நடந்தது. விலா எலும்பு மறைந்தது. அண்ணாச்சி வரத் தாமதமானால் அவர் வந்து ஒரு வார்த்தை சொல்லும்வரை பரணி மோரைத் தொடுவதில்லை.

ஒருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கோதண்டம் என்னிடம் வந்தார். அவருடைய சாப்பாடு பார்சலாகக் கையில் இருந்தது. அவர் தினமும் ரூமுக்குப் போய்த்தான் சாப்பிட வேண்டியிருந்தது.

"மேடம், என் பசிக்கு இந்த ஊர்ல இவ்ளோ மரியாதை கிடைக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். "இது சந்தோஷமான பசிதான், இல்லன்னு சொல்லல. ஆனா தினமும் எதிர்ல உக்காந்து பாக்குறேன். அவங்க சொல்றதெல்லாம் என்னோட பசிக்குத்தானே சொல்றாங்க. எனக்கு அதைக் காதால கேட்டுக்கிட்டே சாப்பிடணும்."

வடிவிடம் சொன்னோம். ஆள் மாற்றும்போது பசியை ஒரு ராத்திரி ஆற வைக்க வேண்டும் என்றாள். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று ராத்திரி பரணியும் நானும் அமைதியாகத் தூங்கினோம்.

மறுநாள் நாங்கள் போனபோது கோதண்டம் ஏற்கெனவே வந்து வாசல் திண்டில் உட்கார்ந்திருந்தார். வடிவு தூக்குவாளியின் மூடியைத் திறந்தாள். முதலில் அவருடையதைக் கொடுத்தாள். அதை வயிற்றில் சேர்த்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து, யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தார். "என்ன சார்வாள், சும்மா இருக்கிய? சாப்பிடுங்க" என்று அண்ணாச்சி சொல்வது வாசல்வரை கேட்டது. கோதண்டம் வேண்டாம் என்றார்.

பரணியுடையதை எடுத்து அவன் வயிற்றடியில் வைத்ததுதான் தாமதம், என் கையை உதறிக்கொண்டு ஓடி எச்சில் இலைத் தொட்டிக்குள் தலையை விட்டுவிட்டான். கத்தினேன், அவன் கேட்கவில்லை. வாலை ஆட்டிய ஆட்டத்தில் தொட்டியே ஆடியது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என் பரணி திரும்பி வந்துவிட்டான்.

"எக்கா, இங்க வா" என்று வடிவு கூப்பிட்டாள்.

தூக்குவாளிக்குள் பார்த்தேன். அடியில் இன்னொரு பசி இருந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. கண் இன்னும் திறக்கவில்லை. சுருண்டு படுத்து, மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"சாரல் சீசன்லா, கூட்டத்துல வாளி பத்தல. ரெண்டையும் ஒண்ணாப் போட்டு வச்சேன்" என்றாள் வடிவு. "அவங்க ரெண்டு பேருக்கும் அவங்கவங்களோடது கெடச்சாச்சு. இத யாரு வளக்க?"

எனக்கென்று பசி ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை. ஆபீசில் எல்லோரும் டிபன் டப்பாவைத் திறக்கும்போது நானும் திறப்பேன், மூடும்போது மூடுவேன். முந்தானையை விரித்து நீட்டினேன். வடிவு அதை எடுத்து அதில் வைத்தாள். கதகதப்பாக இருந்தது.

"கண் தொறக்குற வரைக்கும் பால் மட்டும் குடு. அதுக்கப்புறம் கொழைய வடிச்ச சோறு. காரம் பழக்கிடாத" என்றாள்.

பரணியைத் தொட்டியிலிருந்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். வழியில் அது ஒரு தடவை முனகியது. பரணி நின்று, முந்தானையை முகர்ந்து பார்த்துவிட்டு நடந்தான். பால் பூத்தில் நின்று ஒரு பாக்கெட் வாங்கினேன். பூத்துக்காரர் முந்தானையை எட்டிப் பார்த்து, ஆணா பெண்ணா என்று கேட்டார்.

கண் திறக்கட்டும் என்றேன்.