வேம்புலியின் தகடு

முதல் ஐந்து தோட்டாக்கள் அட்டையின் நடுவில் உள்ளங்கை அளவுக்குள் விழுந்தன. வேறு துப்பாக்கியை எடுத்துப் பஞ்சவர்ணம் சுட்ட அடுத்த ஐந்தும் மூலைக்கொன்றாகச் சிதறின. ஆவடிக்கு வெளியே இருந்த அந்தச் சுடுதளத்தில் அவள் சுட்டுச் சிதறியதை யாரும் பார்த்ததில்லை. தலைமைக் காவலர், பதினெட்டு வருஷமாக மற்றவர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுப்பவள். அதனால் இரண்டாவது துப்பாக்கியில் பூட்டிய தகடுதான் ஆடுகிறது என்று அவள் சொன்னதும் இன்ஸ்பெக்டர் ஜெபா மறுபேச்சில்லாமல் குறித்துக்கொண்டார்.

கைத்துப்பாக்கிகளுக்கு ரெட் டாட் சைட் வாங்குவதென்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. சின்னக் கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின்மேல் வைத்து விசையை இழுத்தால் போதும். அதைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் மவுன்ட் தகடுகள் இரண்டு வந்திருந்தன. ஒன்று வெளிநாட்டில் செய்தது. மற்றது அம்பத்தூர் எஸ்டேட்டில் மூன்று மெஷின் வைத்திருக்கும் வேம்புலி செய்தது. காலையிலிருந்து அவர் வேப்பமர நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஆடுவது தன் தகடு என்ற செய்தி தெரிந்ததும் கோபப்படவில்லை. பஞ்சவர்ணத்தின் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நம்ம பிளேட்டு ஆடாது மேடம். இன்னொரு தபா பாத்துட்டு எழுதுங்க."

சாப்பாட்டு இடைவேளையில் ஆயுத அறைக்குள் போய் உட்கார்ந்து அவள் திருகுகளைச் சோதித்தாள். எதுவும் தளரவில்லை. பிறகுதான் தோன்றியது: சைட்டுகளும் வேறுவேறு. முதலில் சுட்டதில் புள்ளி பெரியது. வேம்புலியின் தகட்டில் இருந்ததில் ஊசிமுனை போலச் சிறியது. சிறியதைக் கழற்றி வெளிநாட்டுத் தகட்டில் பூட்டினாள். காலித் துப்பாக்கியை நீட்டி, எதிர்ச்சுவரில் இருந்த ஆணியைக் குறிபார்த்தாள். புள்ளி ஆணியைச் சுற்றி நடுங்கியது. மூச்சை நிறுத்தியும் நிற்கவில்லை. வேம்புலியின் தகட்டையே திரும்பப் பூட்டி, துப்பாக்கியை மேஜையில் பதித்திருந்த வைஸ் என்ற இரும்புப் பிடிப்பானில் இறுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். சைட்டைக் கட்டைவிரலால் அழுத்தியும் பார்த்தாள். ஆணியின் தலையில் புள்ளி அசையாமல் இருந்தது.

சட்டைப் பொத்தானைப் போட இப்போதெல்லாம் நேரமாவதும், டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொள்வதும் அவளுக்குத் தெரியாததல்ல. வயசு, தூக்கமின்மை என்று ஏதோ ஒரு காரணம் கிடைத்துக்கொண்டே இருந்தது. துப்பாக்கி நுனியில் இருக்கும் பழைய இரும்பு முள்ளில் குறிபார்க்கும்போது இந்த நடுக்கம் கண்ணில் படாமலே போயிருந்தது. பெரிய புள்ளியும் அதைக் காட்டவில்லை; சிறியது காட்டியதும் அதை நிறுத்தப்போய் விசையை வெட்டி இழுத்திருக்கிறாள். சொன்னால் மருத்துவப் பரிசோதனை. பிறகு சுடுதளம் கிடையாது, ஏதாவது ஒரு மேஜை. சொல்லாவிட்டால் ஒரு தகடு தள்ளுபடியாகும், அவ்வளவுதான். வைஸின் கைப்பிடியைத் தளர்த்தித் துப்பாக்கியை எடுத்து வைத்தாள்.

ஜெபா தயிர்சாதத்தை முடித்துக் கை துடைத்துக்கொண்டிருந்தார். காலையில் எழுதிய குறிப்பை அடித்துவிடச் சொன்னாள் பஞ்சவர்ணம். தகட்டில் குறையில்லை என்றாள்.

"அப்ப ஆடினது எது?"

"என் கைதாம்மா."

ஜெபா அவளை நிமிர்ந்து பார்த்தார். அதையும் எழுத வேண்டுமா என்று தணிந்த குரலில் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றாள். பிற்பகல் சுற்றை சுரேகா என்ற காவலர் சுட்டாள். சிறிய புள்ளியில், இரண்டு தகட்டிலும், தோட்டாக்கள் நெருங்கி விழுந்தன. எந்தத் தகடு என்பதை மேலே முடிவு செய்வார்கள் என்று வேம்புலியிடம் சொல்லி அனுப்பினார்கள்.

வாசலில் அவர் பைக்கோடு நின்றிருந்தார். அவளை அண்ணனூர் ஸ்டேஷன் வரை விடுவதாகச் சொன்னார். இறங்கும்போது அவள் வலது கையைப் பார்த்து, "டாக்டராண்ட சீக்கிரம் காட்டிடுங்க" என்றார்.

பிளாட்பாரத்தில் நான்கைந்து பேர்தான் இருந்தார்கள். பக்கத்து ரயில் பணிமனையிலிருந்து பரிசோதனை முடிந்து ஒரு ரயில் மெதுவாக வெளியே வந்தது. இன்னும் வெயில் இருந்தது. எல்லா விளக்குகளும் எரிய, எல்லா மின்விசிறிகளும் சுழல, ஒரு ஆள்கூட இல்லாத பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தன.