பின்னால் யாரும் வரவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையைத் திறக்கும் முன்பே மெக்கானிக் இரண்டு மலை சைக்கிள்களைத் தலைகீழாக நிறுத்தி பிரேக் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று அவருடையது, மற்றது அவர் மனைவியின் தம்பியுடையது. மச்சானின் சைக்கிளைத்தான் முதலில் பார்ப்பார். பாசம் அப்படி. பன்னிரண்டு வருடமாக இருவரும் வாரம் தவறாமல் மலை ஏறி இறங்குகிறவர்கள்.

அந்த ஒற்றையடிப் பாதை நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் பொது. நியாயப்படி சைக்கிள்தான் நின்று வழிவிட வேண்டும். ஆனால் நடப்பவர்கள் நல்ல மனதோடு தாங்களே ஒதுங்கிவிடுவார்கள். அப்போது முன்னால் போகிறவர், பின்னால் இன்னும் எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

அன்று இறக்கத்தில் மச்சான் முன்னால் போனான். யார் முதலில் அடிவாரம் சேர்வது என்று வாராவாரம் ஒரு போட்டி உண்டு. அதில் அவன் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. சற்றுப் பின்னால் பறந்து வந்த மெக்கானிக் வளைவில் திரும்பினார். ஐயோ! பாதையின் நடுவில் ஒரு பெண். பிரேக்கை அழுத்தியும் சக்கரம் சறுக்கிக்கொண்டு போய் அவர்மேல் மோதியது.

அவர் மலைக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ். மணிக்கட்டு கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. சத்தம் கேட்டு வனக்காவலர் ஓடி வந்தார். மச்சானும் திரும்பி வந்தான்.

"தப்பு யார் மேலயோ, அவங்களுக்கு இனிமே இந்தப் பாதைல சைக்கிள் கிடையாது" என்றார் காவலர்.

மச்சான் முந்திக்கொண்டான். "பின்னால ஒருத்தர் வர்றார்னு சொல்லிட்டுத்தான் சார் போனேன். இவங்கதான் காதுல வாங்கல."

மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மச்சான் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

"எனக்குக் கைதான் உடைஞ்சிருக்கு, காது நல்லாத்தான் இருக்கு" என்றார் நர்ஸ். "'நான்தான் கடைசி, பின்னால யாரும் வரல'ன்னு சொன்னீங்க. அதை நம்பித்தானே பாதைல இறங்கினேன்!"

மச்சானின் முகம் செத்துப்போனது. "மாமா... இவங்க குறுக்க நின்னா நீங்க கொஞ்சம் நிதானிப்பீங்கன்னு... ஒரு தடவையாவது ஜெயிக்கலாம்னுதான்..."

மெக்கானிக்குக்கு அப்போதுதான் புரிந்தது. கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அது இதுதானா? "அடப்பாவி! உன் பிரேக்கைப் பார்த்துட்டுத்தானேடா என் பிரேக்கையே தொடுவேன்!" என்று கத்தினார். பிறகு காவலரிடம் திரும்பினார். "கேட்டீங்கல்ல சார்? என் மேல ஒரு தப்பும் இல்ல."

"அவர் சொன்னது பொய்" என்றார் நர்ஸ். "ஆனா நீங்க வந்த வேகம் நிஜம். வளைவுல ஒரு மணியாவது அடிச்சீங்களா?"

மெக்கானிக்கால் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"என் பேரையும் எழுதிக்குங்க சார்" என்றார் கடைசியில். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"பொதுப்பாதைல நடக்கிறவங்களுக்குத்தான்டா முதல் உரிமை. கண்ணு மறைக்கிற வளைவுல வேகத்தைக் குறைக்கிறது அவனவன் பொறுப்பு. நான் அதை மறந்தேன், அது தப்பு. நீ தெரிஞ்சே ஒரு மனுஷியை என் சக்கரத்துக்கு முன்னால நிறுத்தின. அதுக்குப் பேரு தப்பு இல்லடா, துரோகம்."