லேத்துக்கு வந்த செயின் வண்டி

வெளியூர் மில்லில் நான்கு நாள் வேலை பார்த்துவிட்டு வந்த தம்பி பட்டறைக் கதவைத் திறந்தான். இரும்பு கடையும் லேத் இருந்த இடத்தில் நான்கு போல்ட் துளைகள்தான் இருந்தன. பின்கட்டில் ஒரு பழைய செயின் டிராக்டர் துருப்பிடித்துப் போய் நின்றது. டயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் இரும்புச் செயின்.

"மரக்கடைக்காரர்கிட்ட லேத்தைக் குடுத்து மாத்திக்கிட்டேன்," என்றான் அண்ணன், ஏதோ சட்டை மாற்றிக்கொண்ட மாதிரி.

"யாரைக் கேட்டு மாத்தின?"

"பட்டறை என் பேர்லதான்டா இருக்கு."

அண்ணன் லாரி ஓட்டுகிறவன். ஸ்டியரிங் பிடிக்கிறவனுக்கு உலகத்தில் தெரியாதது ஒன்றுமில்லை என்ற மண்டைக்கனம். தம்பி பத்து வருடம் அந்த லேத்தின் முன்னால் நின்றே பிழைத்தவன். நேராக மரக்கடைக்காரர் வாசலில் போய் நின்றான்.

அவர் தராசுக்கல் மாதிரிப் பேசினார். "என் நெலத்துல வெட்டின மரத்தோட அடிக்கட்டை இருபது வேரோட கெடக்கு. சேறு, டயர் வண்டி எறங்கினா புதைஞ்சிடும். அந்தச் செயின் வண்டியை ஓட வெச்சு மாசக் கடைசிக்குள்ள புடுங்கிக் குடு, லேத்தைத் தந்துடறேன். இல்லன்னா லேத்தை வாங்க வேற ஆளு ரெடியா நிக்கிறான்."

மூன்று வாரம் அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியின் மேல் முகம் பார்க்காமல் வேலை செய்தார்கள். "ஜாக்கியை எடுத்துத் தரச் சொல்லுங்க அண்ணி," என்பான் தம்பி. இரண்டடி தள்ளி நிற்கிற அண்ணனுக்குச் சொல்ல அண்ணி அடுப்படியிலிருந்து வரவேண்டும். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன தபால்காரியா?" என்று ஒருநாள் ஜாக்கியைக் கீழே போட்டுவிட்டுப் போனாள். இறுகிப்போன பிஸ்டன்களை டீசலில் ஊறவைத்து, தட்டித் தட்டி விடுவித்தான் தம்பி. வண்டி இடது பக்கம் மட்டுமே திரும்பியது. வலப்பக்கச் செயினின் கிளட்ச்சைப் பிரித்து, ஒட்டிக்கொண்ட தகடுகளை ஒவ்வொன்றாக உரித்தான்.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போது வண்டி ஒழுங்காக ஓடியது. அண்ணன் செயினைப் பார்த்து முகம் சுளித்தான்.

"இவ்ளோ தொங்குது. வேலை செஞ்ச லட்சணத்தைப் பாரு!"

பெரிய ஸ்பேனரைப் போட்டு இரண்டு பக்கமும் முறுக்க ஆரம்பித்தான். செயின் வண்டிக்குச் செயின் கொஞ்சம் தொங்கத்தான் வேண்டும். சக்கரப் பல்லுக்கும் செயினுக்கும் நடுவே மண் ஏறும்போது அந்தத் தொய்வுதான் இடம்விடும். தம்பி வாயைத் திறந்தான்.

"உன்கிட்ட எவன்டா கேட்டான்?" என்றான் அண்ணன், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

தம்பி வாயை மூடிக்கொண்டான். படட்டும், மரக்கடைக்காரர் முன்னால் வண்டி திணறட்டும், மூக்கு உடையட்டும் என்று நினைத்தான். தளர்த்திக்கொள்ளப் பத்து நிமிடம் போதுமே என்ற கணக்கு. அப்படி நினைக்கும்போது அவனுக்குச் சுகமாகக்கூட இருந்தது.

மறுநாள் காலை பதினோரு கட்டைகள் சேற்றிலிருந்து வெளியே வந்தன. பன்னிரண்டாவதை இழுக்கும்போது வண்டி திணறவில்லை, ஒரேயடியாக வெடித்த சத்தம் கேட்டது. பின்சக்கரத்தின் பல்சக்கரப் பெட்டி இரண்டாகப் பிளந்து எண்ணெய் சேற்றில் வழிந்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்புப் பெட்டி இனி எங்கும் கிடைக்காது. மரக்கடைக்காரர் போனை எடுத்து, "நாளைக்கு வண்டியோட வந்து லேத்தை ஏத்திக்கங்க," என்று யாரிடமோ சொல்லிவிட்டு நடந்தார்.

அண்ணன் சேற்றில் குந்தி, சக்கரத்தில் அப்பியிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தான்.

"எதனால?"

"செயின் இறுக்கம். மண்ணு ஏறினதும் எங்கயாவது உடையத்தான் செய்யும்."

"நேத்து நான் முறுக்கும்போதே உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். "தெரியும்," என்றான் தம்பி.

அடிப்பான் என்றுதான் நினைத்தான். அண்ணன் எழுந்து கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"மொதல் தடவை உன் லேத்தை வித்தது நான்தான்டா. இன்னிக்கு வித்தது நீ."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். மூன்று வாரத்தில் அவன் பேசியதில் நியாயமான பேச்சு அது ஒன்றுதான், அதுதான் தம்பிக்குத் தாங்கவில்லை.