மரேவாவின் வேலி

ஈ உட்கார விடாமல் மரேவாவின் முகத்துக்கு மேலே தாழையோலை விசிறியை வீசிக்கொண்டிருந்தார் உரியாம். தோள் கடுத்தது. தங்கச்சி இரண்டு தடவை வந்து விசிறியைக் கேட்டுப் பார்த்தாள், கொடுக்கவில்லை. முப்பத்தெட்டு வருடக் குடித்தனத்தில் பெண்டாட்டிக்காக இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் தான் செய்த வேலை இது ஒன்றுதான் என்று அவருக்கே தோன்றியது.

"மாமா, விறகு தீந்துபோச்சு." பின்னால் வந்து குனிந்து சொன்னான் தெவேயா. தங்கச்சி மகன். மாமிக்குத் துக்கம் கேட்கத் தலைநகர்த் தீவான தராவாவிலிருந்து காலைப் படகில் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். "பன்னி பாதிதான் வெந்திருக்கு. சோத்துக்கு இன்னும் ரெண்டு அண்டா ஏத்தணும்."

"கரையில காஞ்ச சுள்ளி எவ்வளவோ கெடக்கும். போய் எடுத்துக்கடா."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஈ மறுபடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது.

நேற்று விடிகாலையில் சீமைப்பலாவைச் சீவிக்கொண்டிருந்தவள், "கொஞ்சம் சாய்ஞ்சுக்கறேன், அடுப்பைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பாயில் சாய்ந்தாள். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டார். பலா வெந்துவிட்டது என்று சொல்லப் போனபோது பதில் இல்லை. சர்க்கரை வியாதிக்காரிதான். அதற்காக இப்படியா, சொல்லாமல் கொள்ளாமல்!

எங்கே புதைக்க வேண்டும் என்பதை மட்டும் போன வருடமே சொல்லி வைத்திருந்தாள். "உங்க அம்மா பக்கத்துல. ஆனா கடல் பக்கமா வைங்க. அலை வந்தா முதல்ல என்னைத் தாண்டித்தான் அந்த மகராசிகிட்டப் போகணும்." உயிரோடு இருந்தவரை மருமகளை ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மகராசி அவர் அம்மா. இதைச் சொல்லிவிட்டு மரேவா தன் பேச்சுக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள்.

அந்த இடத்தில்தான் காலையில் குழி வெட்டினார்கள். மார்பளவு ஆழம் போயும் ஊற்று வரவில்லை. நல்ல வெள்ளை மணல். குழி வெட்டியவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஆச்சரியப்பட்டார்கள். பதினோரு வருடத்துக்கு முன் அதே இடத்தில் உரியாம் படகைக் கட்டி நிறுத்தியிருக்கிறார். அப்போது அங்கே இடுப்பளவு தண்ணீர்.

மூன்று மணிக்கு அடக்கம். ஐந்தரைக்குக் கடல் ஏறி முடிந்துவிடும். இந்த வருடத்திலேயே பெரிய ஏற்றம் இன்றைக்குத்தான் என்று வானொலியில் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி இருக்கும். வீட்டுக்குள் புகை வந்தது. வெறும் விறகுப் புகையாக இருந்திருந்தால் அவர் அசைந்திருக்க மாட்டார். கருகிய நைலான் நாற்றம் கலந்திருந்தது. கப்பலில் இருபத்திரண்டு வருடம் கயிறு பார்த்த மூக்கு. கிரிபாஸ் தீவுக் கடலோடி எவனை எழுப்பிக் கேட்டாலும் அந்த நாற்றத்தைச் சொல்வான், கப்பல் கட்டும் கயிறு எரிகிறதென்று. ஓய்வு பெற்று வரும்போது ஒரு சுருள் கயிறு கொண்டுவந்தார். அதைப் பிரித்துப் பிரித்து மரேவா ஒரே ஒரு காரியத்துக்குத்தான் பயன்படுத்தினாள்.

விசிறி கையிலிருந்து நழுவியது.

"அண்ணே! பொணத்தை விட்டுட்டு எங்க போறீங்க? புருசன் எழுந்திரிக்கக் கூடாது!" தங்கச்சி கத்தியது காதில் விழுந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அடுப்பில் அண்டா தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. தெவேயா வேர்த்து வழிய நின்றான், முகமெல்லாம் பெருமை. "எப்பேர்ப்பட்ட விறகு மாமா! தண்ணி ஓரமா வரிசையா நட்டு, நடுவுல சுள்ளி அடைச்சு, கட்டி வேற வெச்சிருந்தீங்க. உருவ உருவ வந்துச்சு. இன்னைக்குன்னே சேத்து வெச்ச மாதிரி!"

அவனை என்ன சொல்வது? அவன் ஊரில் கரையெல்லாம் சிமெண்டு.

கரைக்குப் போய்ப் பார்த்தார். அறுபது அடி நீள வேலியில் ஓரத்தில் பத்தடிதான் மிச்சம். மற்ற இடத்தில் குச்சி நட்ட துளைகள் வரிசையாகத் தெரிந்தன. ஏற்றம் தொடங்கியிருந்தது, ஒவ்வொரு துளையாகத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தது. வேலிக்கு வெளியே பெண்கள் நட்ட அலையாத்திக் கன்றுகள் முழங்கால் உயரத்தில் நின்றன. இந்த ஏற்றத்தைத் தாங்க அவற்றுக்கு இன்னும் நாலைந்து வருடம் வேண்டும். உள்ளே முப்பது தப்படியில் வெட்டி வைத்த குழி. அதற்குப் பின்னால் அம்மாவின் கல்லறை.

இந்த வேலியை அவர் ஒரு நாளும் மதித்தவர் இல்லை. கப்பலில் இருந்தபோது, சிமெண்டு மூட்டை அடுக்கிச் சுவர் கட்டச் சொல்லிக் கடிதம் போட்டவர் அவர்தான். கட்டினார்கள். அலை சுவரில் மோதி, மோதிய வேகத்தில் அடியைத் தோண்டி, இரண்டே வருடத்தில் சுவரையும் நாலு தென்னையையும் இழுத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகுதான் மரேவாவும் ஊர்ப் பெண்களும் இந்தச் சுள்ளி வேலியில் இறங்கினார்கள். அவர் ஊர் வந்து பார்த்து, "என்னடி, கடலுக்குள்ள கோழி வளக்கப் போறியா?" என்று கேட்டார். ஊர் சிரித்தது. அவளும்தான் சிரித்தாள். "கதவைச் சாத்தினா அவன் ஒடைப்பான். உள்ள விட்டு உக்கார வெச்சா, கையில கொண்டுவந்த மணலைக் குடுத்துட்டுப் போவான்" என்றாள்.

"எந்தப் பாவி இந்த வேலையைப் பண்ணது?"

புவேனா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். வேலிக்காரப் பெண்களுக்கெல்லாம் இப்போது இவள்தான் மூத்தவள். மரேவாவின் சிநேகிதி, வாய்க்குப் பூட்டுக் கிடையாது. அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

பின்னாலேயே ஓடிவந்த தெவேயாவுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. முகம் செத்துப்போனது.

"நான்தான்" என்றார் உரியாம். "நான்தான் எடுத்துக்கச் சொன்னேன். யோசிக்கல."

புவேனா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பதினோரு வருசமா கோழிக்கூடு கோழிக்கூடுன்னு நக்கல் பண்ணீங்க. கடைசியில அவ சாவுச் சோத்துக்கு அதையே அடுப்புல வெச்சுட்டீங்களா? நல்லா இருங்க மச்சான்!"

அவர் குனிந்து, மிச்சமிருந்த குச்சி ஒன்றை அசைத்துப் பார்த்தார்.

வேதபோதகரும் வந்துவிட்டார். நல்ல மனுஷர். நிலைமையைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "கோயில் பக்கம் மேட்டுல வெச்சிரலாமே உரியாம். இன்னைக்கு ராவுக்கு இங்க எதுவும் நிக்காது."

"அவ இங்கன்னு சொன்னா, ஐயா."

"மண்ணு நிக்கணுமே."

"நிக்க வைக்கிறேன்." சொல்லிவிட்டுத் தெவேயா பக்கம் திரும்பினார். "என் படகுக் கொட்டகையைப் பிரி. தூணு, குறுக்குச் சட்டம், கூரை ஓலை, ஒண்ணு விடாதே. அத்தனையும் இங்க வரணும்."

"மாமா, புதுக் கொட்டகை மாமா! போன மாசந்தானே..."

"பிரிடான்னா!"

புவேனா வீட்டுப் பக்கம் போனாள். மரேவாவைச் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த வேலிக்காரப் பெண்கள் பதினான்கு பேரும் பாட்டை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள். கறுப்புப் பாவாடையைத் தொடைக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டார்கள். தண்ணீருக்குள் இறங்கியதும், விட்ட அடியிலிருந்து பாட்டை மறுபடி எடுத்தார்கள்.

உரியாம் செருப்பை மணலில் கழற்றி விட்டுவிட்டு இறங்கினார். தராவாக்காரர்கள் பதினைந்து பேரும் கொட்டகைக் கம்புகளைச் சுமந்து வந்து, பெண்கள் காட்டிய துளையிலேயே நட்டார்கள். இரண்டு வரிசைக் கம்பு, நடுவே புதர்க்கிளையும் ஓலையும். கட்டுகிற வேலையை அவர் எடுத்துக்கொண்டார். கயிறு அவர் தொழிலாயிற்றே. காலை உதைத்து, பல்லைக் கடித்து, கிளைகளை நெரித்து இறுக்கிக் கட்டினார்.

புவேனா அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டாள்.

"என்ன பண்றே?"

"கப்பலா கட்டுறீங்க? இவ்வளவு இறுக்குனா இது சுவராயிரும். அப்புறம் உங்க பழைய சுவரு போன வழிதான். தண்ணி உள்ள போகணும், களைச்சுப் போய்த் திரும்பணும். மரேவா கட்டுறதைப் பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"பதினோரு வருசத்துல ஒரு நாளும்?"

"வீட்டு வாசல்ல உக்காந்து கடலைப் பாத்துட்டு இருப்பேன். அவ குனிஞ்சிருப்பா. அவ தலைக்கு மேலதான் பாத்திருக்கேன்."

புவேனா அவர் கையைப் பிடித்து, கயிற்றை இரண்டு விரல் இடம் விட்டுச் சுற்றி, தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். "இவ்வளவுதான். இதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவதான்." அடுத்ததை அவர் போட்டார். அதற்கடுத்ததையும் அவரே போட்டார். பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலரை மணிக்குக் கடைசிக் கம்பை நட்டபோது தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. ஈரத்தோடு ஈரமாக மரேவாவைத் தூக்கி வந்தார்கள். ஊர் மொத்தமும் முட்டிக்குக் கீழே சேற்றோடு குழியைச் சுற்றி நின்றது. வேதபோதகர் ஒரு கண்ணைப் புத்தகத்திலும் ஒரு கண்ணைக் கடலிலும் வைத்துக்கொண்டு ஜெபத்தை முடித்தார். உரியாம் முதல் பிடி மணலைப் போட்டார். உலர்ந்த மணல், விரலிடுக்கில் பொலபொலவென்று இறங்கியது.

யாரும் சாப்பிடப் போகவில்லை. மூடிய குழியைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கடல் வந்தது. வேலிக்கு வெளியே சுருண்டு, நுரைத்து, கம்புகளை உலுக்கியது. இரண்டு இடத்தில் கிளை பிய்த்துக்கொண்டு போனது. தெவேயா எழுந்து ஓடிக் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதைப் பிடித்துச் செருகினான். ஆனால் வேலிக்குள் வந்த தண்ணீரில் சத்தமே இல்லை. மெல்ல ஏறி வந்து, புது மேட்டுக்கு ஏழெட்டு அடி முன்னால் நின்று, கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டு, வந்த வழியே இறங்கியது.

"போயிட்டான்" என்றாள் புவேனா. உடனே ஓவென்று அழுதாள்.

உரியாம் எழுந்து ஒவ்வொரு பெண்ணிடமும் போனார். அந்த ஊர் வழக்கப்படி மூக்கை அவர்கள் கன்னத்தில் வைத்து முகர்ந்து, "நல்லா இருக்கணும் தாயி, உங்களாலதான்" என்றார். பதினான்கு பேருக்கும் சொன்னார். தெவேயாவின் தலையைப் பிடித்து அவனுக்கும் சொன்னார். புவேனாவிடம் வந்தபோது, "எங்கிட்ட எதுக்கு? சொல்ல வேண்டியவகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்று மூக்கைச் சிந்தினாள். மேட்டருகே போய் நின்றார். அவளிடம் சொல்ல மட்டும் வாய் எழவில்லை. அம்மாவின் கல்லறை துளி ஈரம் படாமல் பின்னால் கிடந்தது.

"பன்னிக்கறி ஆறிப்போகுது, எல்லாரும் வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள். அன்று அவர்கள் சாப்பிட்ட சோற்றில் நைலான் வாடை அடித்தது. புவேனா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாள். "கோழிக்கூட்டுச் சோறு" என்று அவள் சொல்ல, செத்த வீட்டில் பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மரேவா இருந்தால் முதலில் சிரித்திருப்பாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு எழுந்து உரியாம் செருப்பைத் தேடினார். வேலியருகே கழற்றியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கடல் இறங்கியிருந்தது. வேலியின் உள்பக்கம், அவர் போட்ட முடிச்சு ஒன்றுக்குக் கீழே, கிளைகளில் சிக்கிக்கொண்டு ஒரு செருப்பு கிடந்தது. அதன் மேலெல்லாம் மணல் வார் வரைக்கும் படிந்திருந்தது. நேற்று இல்லாத மணல். இன்னொன்றைக் காணவில்லை.

மணல் சிந்தாமல் செருப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மேட்டுக்கு வந்து கவிழ்த்தார். ஒரு கைப்பிடிதான் இருந்தது. கடல் பக்கமாக அதைத் தட்டிச் சமன் செய்தார். பிறகு ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு, கிளை பிய்ந்த இடத்தைப் பார்க்க நடந்தார்.