ஏழாவது பேரல்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. கோவையில் ஒரு சட்டக் கல்லூரி மாணவர் மன்றத்தில் பத்து நிமிடம் பேசக் கூப்பிட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்தார்கள்: கூட்டுப் படுகொலையும் பயங்கரவாதமும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிகின்றன. கதை எழுதுகிறவளுக்கு இது தேவையா என்று கேட்காதீர்கள். மேடை என்றால் என் வாய் தானாகச் சரி என்று சொல்லிவிடும். யோசிப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

காப்பி குடித்த டம்ளரைத் தாளில் கவிழ்த்து, பென்சிலால் இரண்டு வட்டம் போட்டேன். ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் ஏறியிருந்தது. இடது வட்டத்தில் 'எத்தனை பேர்' என்று எழுதினேன், வலது வட்டத்தில் 'எதற்காக'. சொத்துத் தகராறில் ஒருவன் பங்காளி வீட்டைக் கொளுத்திப் பத்துப் பேரைக் கொன்றால் அது இடது வட்டம். ஊரே வெளியில் வர நடுங்கவேண்டும் என்று ஒருவன் பேருந்து நிலையத்தில் குண்டு வைத்து, அது வெடிக்காமலே போனாலும், அது வலது வட்டம். முதலாமவன் குறி செத்தவர்கள்மேல். இரண்டாமவன் குறி சாகாமல் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்மேல். இரண்டும் ஒரே செயலில் சேரும்போது நடுவில் மாங்காய்க் கீற்று மாதிரி ஓர் இடம் வருகிறது. எங்கள் கோவையில் அந்தக் கீற்றுக்குள் ஆளைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அதன் பேரால் சும்மாவே சந்தேகிக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அதனால் பென்சில் அங்கே போக மறுத்தது.

எத்தனை பேர் என்பதை ஆஸ்பத்திரியில் எண்ணிவிடலாம். எதற்காக என்பதை முதல் ஒரு மணி நேரத்தில் யார், எதைப் பார்த்துச் சொல்கிறார்கள்? அந்த ஆளைத் தேடிப் போனதில்தான் கதை வந்தது.

2

முதல் தொடக்கம்: "பல்லடத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்து மாரியம்மன் கோவில் வாசலில், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த"

(வெயில் இல்லாமல் ஒரு கதையைத் தொடங்கவே தெரியாதா எனக்கு? விட்டுவிட்டேன்.)

இரண்டாவது தொடக்கம்: "மோர் குடித்த முதல் ஆள் வாந்தியெடுத்தபோது, கூட்ட நெரிசலில் நின்ற களைப்பு என்றுதான் எல்லோரும்"

(வாந்தியில் தொடங்கினால் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.)

மூன்றாவது நின்றது: சண்முகப்ரியா கண்ணால் பார்க்காத பொருளை எழுதமாட்டாள்.

அவள் அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் ரைட்டர். புகாரை எழுதுவதும், கைப்பற்றிய பொருள்களுக்குப் பட்டியல் போடுவதும் அவள் வேலை. துருப்பிடித்த கத்தியானாலும் திருட்டு மோட்டாரானாலும் புரட்டி, அடியைப் பார்த்த பிறகுதான் எழுதுவாள். "பொண்ணு பாக்கப் போறவங்ககூட இத்தன பாக்கமாட்டாங்க அம்மணி" என்று இன்ஸ்பெக்டர் சென்னிமலை கிண்டல் செய்வார்.

அன்று திருவிழா மோர்ப்பந்தலில் மோர் குடித்த நாற்பத்துமூன்று பேர் சுருண்டு விழுந்தார்கள். எல்லோரையும் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. மோரில் ஏதோ மருந்து வாடை அடிக்கிறது என்று டாக்டர் போனில் சொன்னார். இதுவரை யாரும் சாகவில்லை. பந்தலில் காலியாகிக் கிடந்த நீல பிளாஸ்டிக் பேரல்கள் எல்லாம் ஸ்டேஷன் முற்றத்துக்கு வந்து சேர்ந்தன. கூடவே, அவற்றை வாடகைக்குக் கொடுத்த பாத்திரக்கடைக்காரனும் வந்தான். மேலிடத்திலிருந்து போன் வந்தது. இது என்ன வழக்கு என்று ஒரு மணி நேரத்தில் சொல்லியாக வேண்டும்.

3

முதல் பிரதியில் அந்தக் கடைக்காரன் பெயர் கதிரேசன்.

"கொலை முயற்சிங்க அம்மணி," என்றார் சென்னிமலை. "கமிட்டிக்கு ஆகாதவன் எவனோ பண்ணிப்போட்டான். தம்பி, உக்காருங்க. டீ குடிக்கறீங்களா?"

கதிரேசன் டீ குடித்தான். கதை சப்பென்று போனது. இடது வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்றது. சரி, பெயரை மட்டும் மாற்றிப் பார்ப்போமே என்று அஃபான் என்று போட்டுக் காட்சியைத் திரும்ப எழுதினேன். வயது அதே இருபத்தாறு. கடையும் அதே, பேரலும் அதே.

* கணினியில் பெயரை மாற்ற ஒரு நொடி ஆனது. அவ்வளவு சுலபமாக மாறியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

4

சென்னிமலை நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இது பெரிய கேசுங்க அம்மணி. திருவிழா, கூட்டம், வெசம். எல்லாம் பொருந்துது. அவம் செல்போன வாங்கி வையுங்க."

விழாக் கமிட்டித் தலைவர் ஐயாசாமி வாசலில் நின்றிருந்தார். கோழிப்பண்ணைக்காரர், காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் ஓடிக்கொண்டிருந்தவர். "ஏனுங்க ஐயா, ஊரே பயந்து கெடக்குது. எழுதறதுன்னா பெருசா எழுதுங்க," என்றார்.

ஊர் பயந்தது உண்மைதான். ஆனால் பயம் வந்தது என்பதற்கும், பயமுறுத்துவதற்காகவே ஒருவன் செய்தான் என்பதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருக்கிறது பாருங்கள். அந்தத் தூரத்தை அந்த அறையில் யாரும் நடந்து பார்க்கவில்லை.

நானும்தான். அஃபானின் போனில் வெளிநாட்டு எண்கள் இருந்ததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. திரும்பப் படித்தபோது இன்னொன்று தெரிந்தது: டீ வரவே இல்லை. வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். வெட்கமாக இருந்தது. பத்தியை அழித்தேன்.

சண்முகப்ரியாவாவது நல்லவளாக இருக்கட்டும் என்று பார்த்தேன். அவள் எனக்குப் பிடிகொடுக்கவில்லை. மேலிடத்துக்குப் போக வேண்டிய தாளின் தலைப்பில், பென்சிலால், 'பயங்கரவாதச் செயல்' என்று எழுதிவிட்டாள். முற்றத்துக்குப் போகாமல், ஒரு பேரலைக்கூடத் தொடாமல் எழுதினாள். ஆறு வருட வேலையில் இதுதான் முதல் தடவை. அந்தச் சொல் மேலே போய்விட்டால் வழக்கு இந்த ஸ்டேஷனில் நிற்காது என்பது அவளுக்குத் தெரியும். அஃபானை வேறு ஆட்கள் வந்து கூட்டிப்போவார்கள். ஜாமீன் லேசில் கிடைக்காது. குற்றமில்லை என்று தெரியவரும்போது அவன் தலை நரைத்திருக்கலாம்.

"மேடம், எங்கப்பங்காலத்துல இருந்து இந்தக் கோவிலுக்கு நாங்கதானுங்க பேரல் போடறம்," என்றான் அஃபான். கையை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான்.

அவள் பேனாவை எடுத்தாள். பென்சில் எழுத்தின்மேல் பேனா ஓட வேண்டியதுதான் பாக்கி. ஓடவில்லை. என்னமோ குளிக்காமல் கோவிலுக்குள் போன மாதிரி அவளுக்கு ஒரு சங்கடம். "ஒரு நிமிஷங்கய்யா, பட்டியல் போட்டுட்டு வாரேன்," என்று எழுந்து முற்றத்துக்குப் போனாள்.

5

பாத்திர வாடகைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய விசேஷத்துக்கு இரண்டு மூன்று கடைகளிலிருந்து சாமான் வரும். ஒன்றோடொன்று கலந்துபோகாமல் இருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் பெயிண்டால் அடையாளம் போட்டு வைப்பார்கள். அஃபானின் அடையாளம் மஞ்சள் பட்டை, அதற்குள் ஓர் எண்.

சண்முகப்ரியா ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். மஞ்சள் பட்டை. மஞ்சள் பட்டை. ஆறு வரை அப்படித்தான். ஏழாவதைக் கவிழ்த்தாள், அடி வெறும் நீலமாக இருந்தது. அதன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள், குமட்டியது.

"எத்தன பேரல் குடுத்தீங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"ஆறுங்க மேடம். காலைல ஐயாசாமியண்ணன் இன்னொண்ணு வேணும்னாருங்க. எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருச்சு, இல்லீங்கண்ணான்னு சொன்னேன்."

ஐயாசாமி முற்றத்துக்கு வந்தார். ஏழாவது பேரலின் வாய் ரம்பத்தால் கோணலாக அறுக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எம்பட பேரலுங்க அம்மணி. கோழிக் கொட்டாய்ல தெளிக்கற மருந்து கலக்கி வெச்சிருந்தது. சாமி காரியத்துக்கு ஒண்ணு பத்தலியேன்னு மூணு தடவ சோப்புப் போட்டுக் கழுவி நாந்தானுங்க கொண்டாந்தேன். வாடையே இல்லீங்க அப்ப."

மருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருந்தது. புளித்த மோரை ஊற்றிச் சில மணி நேரம் வைத்ததும் மெல்ல இறங்கியிருக்கிறது. பேரலுக்குப் பேரல் இங்கே யாரும் வித்தியாசம் பார்ப்பதில்லை. சாயப்பட்டறையில் இருந்தது வீட்டுத் தண்ணீருக்கு வரும், பண்ணையில் இருந்தது பந்தலுக்கு வரும். கழுவினால் போதும் என்று எல்லோருக்கும் நம்பிக்கை.

போன் அடித்தது. சென்னிமலை எடுத்தார், கேட்டார், கண்ணை மூடிக்கொண்டார். "நாப்பத்திமூணு பேரும் நல்லாருக்காங்களாம். சோறு எப்ப வருமுன்னு நர்சம்மாகிட்டச் சண்டையாம்."

சண்முகப்ரியா சுவரில் சாய்ந்துகொண்டாள். எழுதிக்கொண்டிருந்த எனக்கும் அப்பாடா என்று இருந்தது. உள்ளே போய் ரப்பரை எடுத்துத் தலைப்பை அழித்துவிட்டு 'அஜாக்கிரதை' என்று பேனாவால் எழுதினாள். டம்ளர் வட்டம் இரண்டுக்கும் வெளியே, தாளில் அவ்வளவு வெள்ளை இடம் இருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன்.

"கண்ணு, நான் வாசல்ல நின்னு பெருசா எழுதச் சொன்னேன்," என்றார் ஐயாசாமி அஃபானிடம்.

அஃபான் வெளியே வந்து ஏழு பேரலையும் பார்த்தான். பிறகு, "முந்தின நாளே ஏழுன்னு சொல்லியிருந்தா எடுத்து வெச்சிருப்பேனுங்கண்ணா," என்றான்.

டீ வந்தது. சென்னிமலையே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் குடித்தார்.

6

முடிவுகள்.

(அ) நாற்பத்துமூன்றில் ஒருவர் இறந்துபோகிறார். எழுதமாட்டேன். கதை கனமாக வேண்டும் என்பதற்காக ஆளைக் கொல்கிற வேலை எனக்கு வேண்டாம்.

(ஆ) உண்மையிலேயே ஒருவன், ஊரை நடுங்க வைப்பதற்காக, மோரில் விஷம் கலந்திருக்கிறான். அப்படியும் நடக்கும். மாங்காய்க் கீற்றுக்குள் நிற்கிறவர்கள் இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லப்போவதில்லை. அந்தக் கதையிலும் யாராவது ஒருவர் பேரலைக் கவிழ்த்துப் பார்த்தே ஆகவேண்டும்.

(இ) சாட்சிக்கு ஏழாவதை வைத்துக்கொண்டு மற்ற ஆறையும் கொடுத்துவிடுகிறார்கள். அஃபான் ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றுகிறான். சண்முகப்ரியா வாசல்வரை வருகிறாள். இதுவரை மேடம் என்றவன் இப்போது வேறு மாதிரிக் கூப்பிடுகிறான்.

"அக்கா, மொதல்ல பென்சில்ல என்னன்னு எழுதியிருந்தீங்க?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொண்டால் போதும் என்பது போலத்தான் கேட்கிறான். அழித்த தாள் அவள் கையிலேயே இருக்கிறது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழுத்தி எழுதிய தடம் தெரியும். என்னுடைய பிரதியில் நான் எழுதி அழித்ததை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவள் பதிலையும் நானே சொன்னால் அது எனக்கு வசதியாகப் போய்விடும்.

அதனால் தாளை உங்களிடம் தருகிறேன். ஐந்து பேரல் ஏற்றியாயிற்று. ஆறாவதைத் தூக்கிப் பிடித்தபடி அவன் நிற்கிறான், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு.